மூன்றாவது பீப்

ரமா படியேறி வந்தபோது ஆஸ்டின் அப்போதுதான் பூட்டைத் திறந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்தது அவனுடைய வக்கீல் அலுவலகம். படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள்ளேயே அந்த அம்மாள் வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"எங்காத்துக்காரரைக் கொன்னுட்டான்னு ஒரு நர்ஸ் பொண்ணு மேல கேஸ் போட்டிருக்கா. அவ கொல்லலை. அதை நீங்க நிரூபிச்சுத் தரணும்."

இறந்தவரின் மனைவியே குற்றம் சாட்டப்பட்டவளுக்காக வக்கீலைத் தேடி வருவதை ஆஸ்டின் தன் பதினோரு வருடத் தொழிலில் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு, எழுதுவதற்குக் காகிதத்தை எடுத்துக்கொண்டான்.

ரமாவின் கணவர் ராஜாராமன் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு செம்பாக்கம் ஏரிக்கருகில். போன மாதம் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தவரை, இரும்புலியூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். உடம்பில் பொட்டாசியம் குறைந்துவிட்டது, மெதுவாக ஏற்றினால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். ஊசி மருந்தை மணிக்கு இவ்வளவு என்று கணக்காகச் செலுத்தும் சிறிய பம்ப் ஒன்றைக் கட்டில் கம்பியில் மாட்டினார்கள். இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் காலை பத்து நாற்பதுக்கு கெசியா என்ற நர்ஸ் வந்து, ஐம்பது மில்லி மருந்து நிரப்பிய புதுக் குழலை அதில் மாட்டி, எண்ணை அழுத்திவிட்டு, இரண்டரை மணி நேரம் ஓடும் என்று சொன்னாள். அதற்குள் எதிர்க்கட்டில் நோயாளி வாந்தி எடுக்கவே அங்கே ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் ராஜாராமன் கை எரிகிறது என்றார். இந்த மருந்து லேசாக எரியும் என்று முதல் நாளே சொல்லியிருந்ததால் ரமா கையைத் தடவிக் கொடுத்தார். அப்புறம் அவர் பேசவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்து, ரமா அவர் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பத்து ஐம்பத்தைந்துக்கு பம்ப் விடாமல் கத்தத் தொடங்கியது. மருந்து முழுக்கக் காலியாகியிருந்தது. இரண்டரை மணி நேரத்துக்கான மருந்து பதினைந்தே நிமிடத்தில் உள்ளே போயிருந்தது. பொட்டாசியம் அவ்வளவு வேகமாக ஏறியதில் இதயம் நின்று அவர் இறந்துபோயிருந்தார்.

பம்பின் நினைவில் பதிவாகியிருந்த எண் இருநூறு. டாக்டர் எழுதியிருந்தது மணிக்கு இருபது மில்லி. நூறுக்கு மேல் எந்த எண்ணைப் போட்டாலும் பம்ப் மறுத்துவிடும் என்றும், அதை மீற வேண்டுமானால் தனியாக ஒரு சாவி போட்டுத் திருப்ப வேண்டும் என்றும் கம்பெனிக்காரர்கள் போலீஸில் சொன்னார்கள். அந்தச் சாவி அன்று கெசியாவின் சாவிக்கொத்தில் இருந்தது. கை தவறிப் போட்டதென்றால் அலட்சியம். சாவி போட்டுத் திருப்பியதென்றால் கொலை. மகன் கேஷவ் கொடுத்த புகாரின் பேரில் கெசியாவைக் கைது செய்தார்கள். ஒன்பது நாள் கழித்து நேற்றுத்தான் ஜாமீனில் வந்திருந்தாள்.

"அவ சாவி போடலை. நான் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். நம்பர் பட்டனை ரெண்டு தடவைதான் அழுத்தினா. ஆனா பீப் சத்தம் மூணு தடவை கேட்டது" என்றார் ரமா.

இதைப் போலீஸிடம் சொன்னாராம். துக்கத்தில் இருக்கிற மனுஷிக்கு எதுவும் கேட்கும் என்பது போல் தலையாட்டினார்களாம். மகனும் அதை வெளியே சொல்ல வேண்டாம் என்றுவிட்டான். கேஷவுக்கு இப்போது நாவலூரில் சாஃப்ட்வேர் வேலை. அதற்கு முன் மூன்று வருடம் பெருங்குடியில் ஆஸ்பத்திரிச் சாமான் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தவன். மிஷின் தப்புப் பண்ணாது என்று அவனே சொல்லும்போது தன் பேச்சை யார் கேட்பார்கள் என்று கேட்டார் ரமா. இங்கே வந்தது அவனுக்குத் தெரிய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானமே ஆஸ்டின் சேலையூருக்கு வண்டியை விட்டான். அவனுடைய அண்ணன் ஜெஃப்ரியின் மனைவி ஜெரூஷா அங்கே ஒரு பாலிடெக்னிக்கில் மைக்ரோபிராசஸர் பாடம் எடுப்பவள். ஆட்டோ மீட்டர், எடை மிஷின், பெட்ரோல் பங்க் என்று சின்னச் சின்னக் கருவிகள் பொய் சொல்லும் வழக்குகளில் நீதிமன்றம் அவளை நிபுணராக அழைப்பதுண்டு. ஆஸ்டின் மூச்சு விடாமல் கதையைச் சொல்லி முடித்து, ஆஸ்பத்திரிக்காரர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று தன் தீர்ப்பையும் சொன்னான். ஜெரூஷா விடைத்தாள் திருத்துவதை நிறுத்தவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். மூன்று பீப்பும் ஒரே இடைவெளியில் வந்தனவா?

ஆஸ்டின் ரமாவுக்குப் போன் போட்டான். முதல் சத்தம் தனியாகவும், அடுத்த இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போலவும் கேட்டதாக அவர் சொன்னார்.

"அப்போ சைபர் பட்டன் தேய்ஞ்சிருக்கு. ஒரு தடவை அழுத்தினா ரெண்டு தடவை பதிவாகுது. இருபது இருநூறான கதை அவ்வளவுதான். அது சின்ன விஷயம், ஆஸ்டின். இருநூறை அந்த பம்ப் ஏன் மறுக்கலைங்கறதுதான் பெரிய விஷயம்" என்றாள் ஜெரூஷா.

மறுநாள் இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். நிர்வாகத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வார்டு உதவியாளர் அப்பாதுரை மட்டும் மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கி நின்று பேசினார். சம்பவம் நடந்து கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது, எல்லோரும் அந்த அறைக்குள் இருந்தார்கள், மேசையில் போன் அடித்தது, தான்தான் எடுத்தேன் என்றார்.

"யாரோ ஒரு ஆளு சார். பேரு சொல்லல. 'நம்பர் இன்னா போட்டாங்க, நூத்தி இருபத்தெட்டுக்கு மேலயா'ன்னு கேட்டாரு. எனக்கு இன்னா தெரியும்? தெரியலன்னேன். வச்சிட்டாரு."

பம்ப் கம்பெனிக்காரர்தான் கேட்டிருப்பார் என்று அப்பாதுரை நினைத்துக்கொண்டாராம். ஆஸ்டினும் அதையே நினைத்தான். வெளியே வந்ததும், கம்பெனி ஆளைப் பிடித்துவிட்டோம் என்று உற்சாகமாகச் சொன்னான். ஜெரூஷா நூற்று இருபத்தெட்டு என்ற எண்ணைக் கைப்பையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டாள்.

விசாரணை அதிகாரி குமரேசன் ஜெரூஷாவை ஏற்கெனவே ஒரு வழக்கில் பார்த்தவர், மரியாதை உள்ளவர். கோப்பை எடுத்துக் காட்டினார். மருத்துவமனை கம்பெனிக்குத் தகவல் சொன்னது மதியம் இரண்டு மணிக்குத்தான். கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர் யக்ஞநாராயணன் சாயங்காலம் வந்து, கேபிள் மாட்டிப் பார்த்த பிறகுதான் இருநூறு என்ற எண்ணே வெளியே தெரிந்தது. அடுத்த நாள் அவர் போலீஸ் முன்னிலையில் பம்பைச் சோதித்துக் காட்டியிருந்தார். பம்ப் முதன்முதலில் தயாரானபோது கம்பெனி எழுதி வைத்த சோதனைத்தாள் ஒன்று இருந்தது. அதை வரிசையாகப் பின்பற்றியே அவர் சோதித்தார். அதன் நகல் கோப்பில் இருந்தது. தொண்ணூற்றொன்பது, நூறு: ஏற்கும். நூற்றொன்று, நூற்றுப்பத்து, நூற்றிருபது: மறுக்கும். கடைசியாகச் சாவிச் சோதனை. அடியில், பம்ப் தயாரானபோது சோதித்தவரின் கிறுக்கலான கையெழுத்து, அதன் கீழே இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி.

"வரிசை எண்ணைப் பாருங்க சார்" என்றாள் ஜெரூஷா.

குமரேசன் பார்த்தார். ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒழுங்காக இருந்தது. சாவிச் சோதனைக்கு எதிரே ஒன்பது என்றிருந்தது. ஆறும் ஏழும் எட்டும் தாளில் இல்லை. தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்றார் அவர். இருக்கலாம் என்றாள் ஜெரூஷா. கோப்பில் அடுத்திருந்த கேஷவின் புகார் மனுவையும் வாங்கி, கடைசிப் பக்கத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பம்புக்குள் இருக்கும் புரோகிராமின் அச்சுப்பிரதியைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கித் தர முடியுமா என்று கேட்டாள்.

கெசியாவின் வீடு இரும்புலியூரில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் இருந்தது. அப்பா லாசரஸ்தான் கதவைத் திறந்தார். கெசியா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நியாயம் கிடைக்கும் என்று ஆஸ்டின் தைரியம் சொல்லப் போக, அவள் அவனை நிறுத்தினாள்.

"இருபதுன்னுதான் அழுத்துனேன் சார். எதிர்ல கூப்பிட்டாங்க, ஸ்டார்ட்டைத் தட்டிட்டு ஓடிட்டேன். திரையில என்ன எண் வந்துச்சுன்னு நான் பார்க்கல. இருநூறுன்னு பச்சை விளக்குல எரிஞ்சுகிட்டுதான் இருந்திருக்கும். ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தா போதும்."

மறுநாள் மருத்துவமனைக்கு வர முடியுமா என்று ஜெரூஷா கேட்டாள்.

சாயங்காலம் புரோகிராமின் அச்சுப்பிரதி வந்தது. ஜெரூஷா பென்சிலோடு உட்கார்ந்தாள். காபி ஆறிப்போவதற்குள் ஒரு வரியின் கீழ் கோடு போட்டாள். பிறகு ரமாவுக்குப் போன் செய்து, சம்பவத்துக்கு முந்தின நாள் மகன் அப்பாவைப் பார்க்க வந்தபோது அந்த பம்பைத் தொட்டானா என்று கேட்டாள்.

"திருப்பி, பின்பக்கம் ஒட்டியிருந்த நம்பரைப் படிச்சான்" என்றார் ரமா. "அதுக்கப்புறம் அஞ்சு நிமிஷம்கூட இருக்கலை. ஆபீஸ் வேலைன்னு கிளம்பிட்டான்." பிறகு, "நாளைக்கு நானும் வரேன். அவனையும் அழைச்சுண்டு வரேன்" என்றார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மருத்துவமனையின் கூட்ட அறையில் எல்லோரும் இருந்தார்கள். நீள மேசையின் ஒரு முனையில் குமரேசன். அவர் முன்னால், சாட்சிப்பொருள் அட்டை தொங்கும் அந்த பம்ப். தண்ணீர் நிரப்பிய மருந்துக்குழலை அதில் மாட்டி, ட்யூபின் நுனியை ஓர் எவர்சில்வர் தட்டில் விட்டிருந்தார்கள். ஒரு பக்கம் ரமாவும் கேஷவும், மறுபக்கம் கெசியாவும் அவள் அப்பாவும். யக்ஞநாராயணன் சட்டைப்பையில் நாலு பேனாவோடு, தன் கம்பெனிக்கு இன்றோடு தொல்லை தீரும் என்ற நம்பிக்கையில் இருந்தார். அவர் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அந்த அறையில் போலீஸைத் தவிர வேறு யாரையும் அவருக்குத் தெரியாது.

ஜெரூஷா கேட்டுக்கொண்டபடி அவர் நூற்றொன்றைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்து பம்ப் மறுத்தது. நூற்றிருபதையும் மறுத்தது. நூற்றிருபத்தேழு போடச் சொன்னாள். மறுத்தது.

"இப்போ ஒண்ணு கூட்டுங்க."

யக்ஞநாராயணன் நூற்றிருபத்தெட்டை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. பம்ப் ஓடத் தொடங்கியது. தட்டில் தண்ணீர் சொட்டும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவர் பதறிப்போய் நிறுத்தினார். மறுபடி போட்டுப் பார்த்தார். மறுபடியும் ஓடியது.

பிறகு ஜெரூஷா கெசியாவைக் கூப்பிட்டு, அன்று செய்தது போலவே இருபது போடச் சொன்னாள். முதல் தடவை இரண்டு பீப், திரையில் இருபது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை, இரண்டே அழுத்தலுக்கு மூன்று பீப் கேட்டது. பின்னிரண்டும் ஒட்டினாற்போல். திரையில் இருநூறு. ஜெரூஷா தலையசைத்ததும் கெசியா ஸ்டார்ட்டை அழுத்தினாள். பச்சை விளக்கு. யாரும் சாவி போடவில்லை.

குமரேசன் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

"நிறுத்த வேண்டாம்" என்றார் ரமா. "முடியற வரைக்கும் ஓடட்டும்."

அது ஓடிக்கொண்டிருந்தது. சுவர்க்கடிகாரத்தில் பதினொன்று பன்னிரண்டு.

ஜெரூஷா ரமாவைப் பார்த்தே பேசினாள். "உங்க வீட்டுக்காரர் சிக்னல்ல இருந்தவர். உங்களுக்குச் சொன்னா புரியும்மா. இந்த பம்புக்குள்ள ஒரு சிப் இருக்கு. ரெண்டு எண்ணுல எது பெரிசுன்னு பார்க்க அது ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணைக் கழிச்சுப் பார்க்கும். விடையை வச்சுக்காது. கழிச்சு முடிச்சதும் உள்ள நாலஞ்சு கொடி இருக்கு, அதுகளை ஏத்தும், இல்லேன்னா இறக்கும். ஃப்ளாக்னே பேரு. கழிக்கும்போது கடன் வாங்க வேண்டி வந்துதான்னு ஒரு கொடி. விடை மைனஸான்னு ஒரு கொடி. அடுத்த கட்டளை அதுல ஒரு கொடியை மட்டும் பார்க்கும். ஏறியிருந்தா ஒரு தடம், இறங்கியிருந்தா இன்னொரு தடம். புரோகிராம் அப்படித்தான் ஓடுது. தப்பான கொடியைப் பார்த்தா வண்டி தப்பான தடத்துல போகும். வண்டிக்கு அது தெரியாது."

ரமா தலையசைத்தார். கண் தட்டை விட்டு நகரவில்லை.

இந்தச் சிப் ஒரு எண்ணை இரண்டு விதமாகப் படிக்கும் என்று ஜெரூஷா விளக்கினாள். மைனஸே இல்லாத கணக்கில் சைபரிலிருந்து இருநூற்றைம்பத்தைந்து வரை. மைனஸ் உள்ள கணக்கில் நூற்றிருபத்தேழு வரைதான் எண். நூற்றிருபத்தெட்டிலிருந்து எல்லாமே மைனஸ். அந்தக் கணக்கில் இருநூறு என்றால் மைனஸ் ஐம்பத்தாறு. மைனஸ் ஐம்பத்தாறு நூறைவிடச் சிறியது, ஆகவே போகலாம். மருந்தின் அளவில் மைனஸுக்கு இடமே இல்லை. கடன் வாங்கியதா என்ற கொடியைத்தான் புரோகிராம் பார்த்திருக்க வேண்டும். எழுதியவர் மைனஸ் கணக்குக் கொடியைப் பார்க்கச் சொல்லிவிட்டார். இரண்டு கட்டளைக்கும் நான்கு ஆங்கில எழுத்து. கடைசி ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஓ இருக்க வேண்டிய இடத்தில் டி.

யக்ஞநாராயணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இது தெரியாமல் நடந்த பிழை, சத்தியமாகக் கம்பெனியில் யாருக்கும் தெரியாது என்றார்.

"பிழை தெரியாம நடந்ததுதான்" என்றாள் ஜெரூஷா. "ஆனா ஒருத்தருக்கு அது தெரிஞ்சிருக்கு. உங்க சோதனைத்தாள்ல ஆறு, ஏழு, எட்டு இல்ல. நூற்றிருபதுக்கு மேல சோதிச்ச மூணு வரி. அதுல பம்ப் தோத்திருக்கு. அந்த மூணு வரியையும் எடுத்தவர் வரிசை எண்ணை மாத்த மறந்துட்டார்."

தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. பதினொன்று இருபது.

ஆஸ்டினால் பொறுக்க முடியவில்லை. வார்டுக்குப் போன் செய்தவரும் அந்த ஆள்தானே என்று கேட்டுவிட்டான். ஆமாம் என்றாள் ஜெரூஷா. நர்ஸானாலும் டாக்டரானாலும் நூறுக்கு மேலயா என்றோ இருநூறா என்றோதான் கேட்பார்கள். நூற்றிருபத்தெட்டு என்ற எண் ஆஸ்பத்திரியில் எவர் வாயிலும் வராது. அது சிப்புக்கு மட்டுமே எல்லை. அதைக் கேட்டவருக்கு இந்தப் பிழை எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்திருக்கிறது. போன் வந்தது பதினொன்று பத்துக்கு. கம்பெனிக்குத் தகவல் போனதோ இரண்டு மணிக்கு. மருந்து ஒரே அடியாக ஏறிவிட்டது என்பது அந்த நேரத்தில் வார்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். வெளியே ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

"நீங்க யாருக்குப் போன் பண்ணினீங்கம்மா?"

"என் பிள்ளைக்கு" என்றார் ரமா. "மருந்து மொத்தமும் ஏறிடுத்துடான்னேன். மேல பேச முடியலை. வச்சுட்டேன்."

குமரேசன் சோதனைத்தாளையும் புகார் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் அதே கிறுக்கல், கீழே அதே இரண்டு கோடு, நடுவில் புள்ளி. இதே மனுவை மூன்று தடவை படித்திருந்தும் அது ஆஸ்டினின் கண்ணில் பட்டிருக்கவில்லை.

கேஷவ் மறுக்கவில்லை. ஒருவேளை பல நாளாக இதற்குக் காத்திருந்தானோ என்னவோ, குரல் சாதாரணமாகவே வந்தது. பெருங்குடியில் அந்தப் புரோகிராமை எழுதியதும் சோதித்ததும் அவனேதான். திங்கட்கிழமை பம்புகள் வெளியே போயாக வேண்டும் என்று நெருக்கினார்கள். சனிக்கிழமை கடைசி மூன்று சோதனையும் தோற்றன. திருத்தினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதித்து மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். ஐம்பது மில்லி குழலுக்கு யார் நூற்றிருபத்தெட்டு போடப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அந்த வரிகளை எடுத்துவிட்டான். அடுத்த தொகுதியில் சரி செய்துகொள்ளலாம் என்றிருந்தவனுக்கு நாவலூரில் வேலை கிடைத்தது.

"அப்பா கட்டில்ல அதைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துடுத்து" என்றான். "பின்னாடி நம்பரைப் பார்த்தேன். நான் அனுப்பின லாட்தான். மாத்தச் சொல்லலாம்னு நர்ஸ் மேசை வரைக்கும் போனேன். எப்படித் தெரியும்னு கேட்டா என்ன சொல்றதுன்னு திரும்பி வந்துட்டேன். ரெண்டு நாள்ல டிஸ்சார்ஜ்னு சொன்னா."

கெசியாவின் அப்பா லாசரஸ், அப்படியிருந்தும் என் பெண் மேல் எப்படித் தம்பி கையெழுத்துப் போட்டாய் என்று மெதுவாகக் கேட்டார்.

பதினொன்று இருபத்தேழுக்குக் குழல் காலியாயிற்று. பம்ப் விடாமல் கத்தியது. யக்ஞநாராயணன் எழுந்து அதை அணைத்தார். ரமா தட்டில் நிறைந்திருந்த தண்ணீரைப் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் ஆச்சு அவருக்கு" என்றார். "நான் கையைப் பிடிச்சுண்டு உட்கார்ந்திருந்தேன்."

குமரேசன் கேஷவை எழுந்திருக்கச் சொன்னபோது ஜெரூஷா குறுக்கிட்டாள். இதே புரோகிராமோடு எத்தனை பம்ப் வெளியே போயிருக்கிறது என்று கேட்டாள். அறைக்குள் அது வரை யாருக்கும் தோன்றாத கேள்வி. யக்ஞநாராயணன் லேப்டாப்பைத் திறந்தார். மொத்தம் முந்நூறுக்கு மேல் விற்றிருந்தது. பின்னால் வந்த வேறொருவர் புரோகிராமைப் புதிதாக எழுதிவிட்டார், ஆனால் எந்த எண் வரை பழையது என்பது பதிவேட்டில் இல்லை என்றார். அது கேஷவுக்குத்தான் தெரியும். அவன் தலை குனிந்தே நின்றான்.

"சொல்லுடா" என்றார் ரமா. "ஒண்ணொண்ணா சொல்லு."

அவன் சொன்னான். நாற்பத்தாறு பம்ப், எண்ணெல்லாம் அவனுக்கு மனப்பாடம். யக்ஞநாராயணன் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே மருத்துவமனையின் பெயரைத் தேடிப் படித்தார். ஆஸ்டின் தன் போனை மேசை நடுவில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டான். பல்லாவரம், மேடவாக்கம், கூடுவாஞ்சேரி. பம்பை உடனே நிறுத்துங்கள், நோயாளிக்கு ஓடிக்கொண்டிருந்தால் வேறு பம்புக்கு மாற்றுங்கள் என்று குமரேசன் தன் பதவியைச் சொல்லிச் சொன்னார். சில இடத்தில் நன்றி சொன்னார்கள். சில இடத்தில் நம்பவில்லை.

பதினான்காவது அழைப்பு செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனைக்கு. ஒரு பெண் எடுத்தாள். வார்டு சிஸ்டர் என்றாள். ஆஸ்டின் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, எந்த மாதத்திலிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்டாள். வாங்கிய நாளிலிருந்தே என்றான் ஆஸ்டின்.

போனில் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"மார்ச் மாசம் ஒரு லாரி டிரைவர் சார். நாற்பத்திரண்டு வயசு. சட்டுனு போயிட்டார். ஹார்ட் அட்டாக்னு எழுதிட்டோம்" என்றாள் அந்தப் பெண். "அன்னைக்கு அந்த பம்புல நம்பரை நான்தான் போட்டேன்."

ஆஸ்டின் குமரேசனைப் பார்த்தான், ஜெரூஷாவைப் பார்த்தான். கேஷவ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். மறுமுனையில் அந்தப் பெண் போனை வைத்துவிடுவதாகச் சொன்னாள்.

கெசியா எழுந்து மேசையைச் சுற்றி வந்து போனைக் கையில் எடுத்தாள்.

"வைக்காதீங்க சிஸ்டர்" என்றாள். "என் பேரு கெசியா. நானும் நர்ஸ்தான். கொஞ்ச நேரம் லைன்லயே இருங்க."